வளிம ஐதரேட்டு உருவாக்கம்: மேற்பரப்புகளும் சேர்பொருட்களும்

வளிம ஐதரேட்டு என்பது நீர் மூலக்கூறுகளால் ஆன கூண்டுகளுக்குள் மீத்தேன், எத்தேன் போன்ற வளிம மூலக்கூறுகள் அடைபட்டிருக்கும், பனிக்கட்டியை ஒத்த படிகத் திண்மம் ஆகும். இது உருவாகக் குறைந்த வெப்பநிலையும் உயர் அழுத்தமும் தேவை. 0 பாகை செல்சியசில் மீத்தேன் ஐதரேட்டு நிலைத்திருக்க ஏறத்தாழ 26 வளிமண்டல அழுத்தம் வேண்டும். எனினும், இந்நிலைமைகள் அமைந்த உடனேயே படிகம் தோன்றிவிடுவதில்லை. அது எங்கே தோன்றும், எவ்வளவு விரைவாக வளரும் என்பவற்றை நீரைத் தொட்டிருக்கும் மேற்பரப்புகளும் நீரில் கலந்துள்ள சேர்பொருட்களும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

1810-இல் அம்பிரி டேவி குளோரின் ஐதரேட்டைக் கண்டறிந்தார். நெடுங்காலம் ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்த இப்பொருள், 1934-இல் தொழில்துறையின் கவனத்தைப் பெற்றது. இயற்கை எரிவளிமக் குழாய்களை அடைப்பவை பனிக்கட்டிகள் அல்ல, ஐதரேட்டுகளே என்பதை அவ்வாண்டில் ஆமர்சுமித்து எடுத்துக்காட்டினார்.

மேற்பரப்புகளின் பங்கு

நீரும் வளிமமும் சந்திக்கும் இடைப்பரப்பிலேயே வளிமத்தின் செறிவு மிகுதி. எனவே படிகக் கருக்கள் பெரும்பாலும் அங்கேயே தோன்றுகின்றன. ஆனால், அங்கு உருவாகும் மெல்லிய ஐதரேட்டுப் படலம் நீரையும் வளிமத்தையும் பிரித்துவிடுவதால், கலக்காத நீரில் வளர்ச்சி விரைவில் தளர்ந்துவிடும்.

குழாய்ச் சுவர், துரு, மணல் துகள் போன்ற திண்மப் பரப்புகளும் கருவாக்கத்துக்கு இடமளிக்கின்றன. நீரை ஈர்க்கும் சுவர்களில் ஐதரேட்டு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. நீரை விலக்கும் பூச்சுகள் இவ்வொட்டுதலைக் குறைக்கின்றன.

நுண்துளைப் பொருட்களில் இருவேறு விளைவுகள் காணப்படுகின்றன. சிலிக்கா களி போன்றவற்றின் பரந்த உட்பரப்பு, வளிமம் நீரை அடைவதை எளிதாக்கி உருவாக்கத்தை விரைவுபடுத்துகிறது. அதே வேளையில், மிகச் சிறிய துளைகளில் ஐதரேட்டு நிலைத்திருக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. ஏறத்தாழ 7 நானோமீட்டர் ஆரமுள்ள துளைகளில் இவ்வழுத்தம் 20 முதல் 100 விழுக்காடு வரை உயர்வதை 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தடுக்கும் சேர்பொருட்கள்

* வெப்ப இயக்கவியல் தடுப்பிகள்: மெத்தனால், எத்திலீன் கிளைக்கால், உப்புகள் ஆகியவை. இவை நீர் மூலக்கூறுகளைத் தம்பால் ஈர்த்து, ஐதரேட்டு உருவாகும் வெப்பநிலையைத் தாழ்த்துகின்றன. இவை பெருமளவில் தேவைப்படுவதால் செலவு மிகுதி.
* வேகத் தடுப்பிகள்: பாலிவினைல்பைரோலிடோன் போன்ற பல்லுறுப்பிகள். இவை படிகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன, முற்றிலும் நிறுத்துவதில்லை. நீரின் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோ போதுமானது.
* திரள் தடுப்பிகள்: இவை படிகங்கள் உருவாவதைத் தடுப்பதில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல், எண்ணெயோடு சேர்ந்து ஓடச் செய்கின்றன.

ஊக்குவிக்கும் சேர்பொருட்கள்

ஒரு கன மீட்டர் மீத்தேன் ஐதரேட்டில், இயல்பு நிலையில் அளந்தால் 160 கன மீட்டருக்கும் மேற்பட்ட வளிமம் அடங்கக்கூடும். ஆகையால் வளிமத்தைச் சேமிக்க விரும்புவோர் ஐதரேட்டை விரைந்து உருவாக்க முயல்கின்றனர். சவர்க்காரத் தூள்களிலும் பயன்படும் சோடியம் டோடெசைல் சல்பேட்டு இதற்கு உதவுகிறது. இது கலந்த நீரில் ஐதரேட்டு மூடிய படலமாக அமையாமல், கலனின் சுவரில் நுண்துளைகளுடன் வளர்ந்து, அத்துளைகள் வழியே நீரை மேலும் உறிஞ்சுகிறது. பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்கு சேர்த்தபோது, கலக்காத நீரில் எத்தேன் ஐதரேட்டு உருவாகும் வேகம் 700 மடங்குக்கும் மேல் கூடியதாக 2000-இல் சாங்கு, உரோசர்சு ஆகியோர் அறிவித்தனர்.

டெட்ராஐதரோபியூரான் வேறு வகையில் செயற்படுகிறது. அது தானே பெரிய கூண்டுகளில் அமர்ந்து, தேவையான அழுத்தத்தை வெகுவாகக் குறைக்கிறது.

நடைமுறை முக்கியத்துவம்

2010 மே மாதத்தில், மெக்சிக்கோ வளைகுடாவில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் கசிந்த எண்ணெயைப் பிடிக்க இறக்கப்பட்ட பெரும் இரும்புக் கூடு, உள்ளே திரண்ட ஐதரேட்டுகளால் அடைபட்டுப் பயனற்றுப்போனது. பின்னர் பொருத்தப்பட்ட கருவிகளில், இவ்வடைப்பைத் தவிர்க்க மெத்தனால் செலுத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* மீத்தேன்
* படிகமாதல்
* இயற்கை எரிவளி