பட்டமும் படைப்பயிற்சியும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்த பகுதி ஆரியசாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் வளம்பெறச் செய்த அவ்வணிக வீதியைச் சூழ்ந்து, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஆண்டுதோறும் நவராத்திரிக் காலத்தில் பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இந்நகருக்கு எழுந்தருளுகின்றனர். கலைமகள் கோட்டைப் பகுதியிலுள்ள நவராத்திரி மண்டபத்தில் தங்க, வேலேந்திய குமரன் ஆரியசாலை தேவி கோயிலில் தங்குகிறான். நூலுக்குரிய தெய்வமும் வேலுக்குரிய தெய்வமும் ஒரே ஊர்வலத்தில் வருவதை இவ்வீதி மக்கள் இயல்பாகவே கண்டு பழகியுள்ளனர்.

வழிபாட்டில் எளிதாக இணையும் இவ்விரண்டும் மாணவன் ஒருவனது வாழ்வில் அத்துணை எளிதாக இணைகின்றனவா? கல்லூரிப் பாடங்களைக் கற்றுப் பட்டம் பெறவும், அதே காலத்தில் படை அதிகாரி ஆவதற்குரிய பயிற்சியை மேற்கொள்ளவும் ஓர் இளைஞனால் இயலுமா? இவ்வினாவுக்கு நம் நாடு நூறாண்டுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில், படைக்கு ஆள் குறைந்த நிலையில், இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பல்கலைக்கழகப் படை தோற்றுவிக்கப்பெற்றது. அதில் சேர்ந்தவர்களுள் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். முன்னர் வங்காளப் படைப்பிரிவில் சேர முயன்றபோது பார்வைக் குறைவால் அவர் தள்ளப்பட்டார். மாநிலக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் தத்துவம் பயின்ற காலத்தில், பல்கலைக்கழகப் படைப்பிரிவில் சேர்ந்து பாசறை வாழ்வையும் துப்பாக்கிப் பயிற்சியையும் நேரில் அறிந்தார். அப்பயிற்சி அவர் படிப்பைக் கெடுத்ததா எனின், இல்லை. 1919-ஆம் ஆண்டில் தத்துவப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறி, தகுதி வரிசையில் இரண்டாம் இடம் பெற்றார். பிற்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தை நடத்தியவர் சீருடையை முதன்முதலில் அணிந்தது கல்லூரி மாணவராக இருந்தபோதுதான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1920-இல் இந்தப் படை பல்கலைக்கழகப் பயிற்சிப் படை எனப் பெயர் மாறியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என வழங்கலாயிற்று. பெயர்தான் வளர்ந்ததேயன்றிப் பயன் அதற்கேற்ப வளரவில்லை. அதிகாரிகளையும் இளைஞர்களையும் உருவாக்குவதில் அது எதிர்பார்த்த அளவு வெற்றி காணவில்லை என்பதே பின்வந்தோர் கண்ட முடிவு.

இக்காலத்தில் திருவிதாங்கூரிலும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. 1937-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. சித்திரைத் திருநாள் மகாராஜா அதன் வேந்தர், சர் சி. பி. ராமசுவாமி ஐயர் துணைவேந்தர். அப்பல்கலைக்கழகம் அமைத்த மாணவர் உழைப்புப் படையை, பிற்காலத்து நாட்டு நலப்பணித் திட்டத்தின் முன்னோடி எனலாம். வகுப்பறைக்கு வெளியேயும் மாணவனுக்குக் கல்வி உண்டு என்னும் கருத்து இந்நகருக்குப் புதிதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

விடுதலையை அடுத்து நிலைமை மாறியது. பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946-இல் அமைக்கப்பெற்ற குழு, பள்ளிகளையும் கல்லூரிகளையும் தழுவிய புதிய அமைப்பொன்றைப் பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டு தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலை 15-ஆம் நாள் படை தொடங்கப்பெற்றது. பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்த கோபால் குருநாத் பேவூர் அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டிலேயே மாணவியர் பிரிவும் ஏற்பட்டது. 1950-இல் வான்படைப் பிரிவும், 1952-இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன.

1962-ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பு நாட்டை உலுக்கியது. அதன் விளைவாக 1963-இல் கல்லூரி மாணவருக்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே, ஆயினும் இலட்சக்கணக்கான மாணவருக்குப் பயிற்சியாளரும் கருவிகளும் போதிய அளவில் கிடைப்பது எங்ஙனம்? விருப்பமின்றி வந்தவன் அணிவகுப்பில் நின்றான். ஆனால் படைவீரனாக நிற்கவில்லை. 1968-இல் பயிற்சி மீண்டும் விருப்பத்திற்குரியதாயிற்று. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தோன்றி, சேவையில் நாட்டமுள்ள மாணவருக்கு வேறொரு வழி காட்டியது. கட்டாயத்தால் கூட்டத்தைச் சேர்க்கலாம். தலைவரை ஆக்க இயலாது என்பதே இவ்வைந்தாண்டு அனுபவம் தந்த பாடம் என நாம் கருதுகிறோம்.

இனி, அதிகாரியாவதற்குரிய வழிகளைக் காண்போம். பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்திற்குச் செல்வது ஒரு வழி. அங்கே மூன்றாண்டுப் பயிற்சியோடு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டமும் கிடைக்கிறது. படிப்பையும் பயிற்சியையும் ஒரே கால அட்டவணைக்குள் நிறுவனமே அமைத்துத் தருகிறது. பட்டம் பெற்றபின் சேருவது மற்றொரு வழி. சென்னைப் பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, 1988 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் எனப் பெயர் பூண்டு விளங்குகிறது. 1992 முதல் அங்கே மகளிரும் பயிற்சி பெறுகின்றனர்.

தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிக்கு அக்கழகத்தில் சிறப்பு நுழைவு உண்டு. எழுத்துத் தேர்வின்றியே தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைப்புப் பெறும் வாய்ப்பு அது. ஆனால் அவ்வாயில் இரண்டு திறவுகோல்களால் திறப்பது. பட்டப்படிப்பில் நூற்றுக்கு 50 மதிப்பெண் வேண்டும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரம் வேண்டும். வயது 19-க்கும் 25-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். ஒரு திறவுகோலை மட்டும் கையில் வைத்திருப்பவன் வெளியிலேயே நிற்க நேரும்.

இங்கேதான் பாடத்திட்டத்தை முன்கூட்டி வகுத்துக்கொள்வதன் இன்றியமையாமை புலனாகிறது. கல்லூரிப் பிரிவின் பயிற்சி மூன்றாண்டுக் காலத்தது. இரண்டாம் ஆண்டின் இறுதியில் 'பி' சான்றிதழ்த் தேர்வு. மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ்த் தேர்வு. அணிவகுப்புகளுக்கு நூற்றுக்கு 75 வருகை வேண்டும். முகாம்களிலும் கலந்துகொள்ள வேண்டும். ஆகவே மூன்றாண்டுப் பட்டம் பயில்பவன் முதலாம் ஆண்டிலேயே சேராவிடில், பட்டத்தோடு 'சி' சான்றிதழையும் கையில் ஏந்துவது அரிது. மேலும், இறுதியாண்டு மாணவனும் விண்ணப்பிக்கலாம். ஆயின் அவனுடைய முதல் இரண்டு ஆண்டு மதிப்பெண்கள் நூற்றுக்கு 50 என்னும் அளவை எட்டியிருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஈடுசெய்துகொள்ளலாம் என்று முதலாண்டைத் தளரவிடுபவனுக்கு இவ்விதி இடம் தராது.

முகாமும் பருவத் தேர்வும் ஒன்றையொன்று நெருங்கி வருவது உண்டு. முகாம் நாட்களுக்குக் கல்லூரி வருகைச் சலுகை அளித்தாலும், அந்நாட்களில் நடந்த பாடத்தை அது கற்பித்துவிடாது. கடினமான பாடங்கள் எப்பருவத்தில் வருகின்றன என்பதை முதலிலேயே பார்த்து, முகாம் உள்ள பருவத்தில் விருப்பப் பாடங்களைச் சுமையற்றனவாகத் தெரிந்துகொள்ளுதல் அறிவுடைமை. தவறவிட்ட பாடத்தை நண்பரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வாரத்திற்குள் கேட்டு நிரப்பிக்கொள்ளுதல் அதனினும் நன்று.

நெடுங்காலமாகப் பயிற்சி ஒருபுறமும் பட்டம் மறுபுறமுமாகவே கணக்கிடப்பட்டு வந்தன. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு இப்பயிற்சியைப் பொது விருப்பப் பாடமாக ஏற்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆறு பருவங்களில் 24 மதிப்பலகுகள் என்பது அதன் அமைப்பு. மைதானத்தில் சிந்திய வியர்வை மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறலாயிற்று. தம் கல்லூரி இதனை ஏற்றுள்ளதா என்பதைச் சேரும்போதே கேட்டறிதல் மாணவர் கடமை.

பெண்மக்களுக்கும் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்துள்ளன. உச்சநீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டு ஆணையால், 2022-இல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மாணவியர் சேர்ந்தனர். அவர்களுள் முதல் அணியினரான 17 பேர் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தனர். சாலைத் தெருவில் கடை நடத்தும் தந்தை, மகனுக்குச் சொல்லும் வழியை மகளுக்கும் சொல்லலாம் என்னும் காலம் இது.

படையில் சேர விழையும் இளைஞர் பாடநூலைப் பகையாகக் கருதுதல் ஆகாது. நிலப்படம் பார்க்கக் கணிதம் வேண்டும். ஆணையைத் தெளிவாக எழுத மொழி வேண்டும். தம்கீழ் நிற்கும் வீரரின் உள்ளத்தை அறிய மனிதரைக் கற்றிருக்க வேண்டும். அதிகாரியின் ஒரு தவறான கணக்கு பிறர் உயிரால் ஈடுசெய்யப்படுவது. ஆதலின் வகுப்பறையில் ஊன்றிக் கற்பதும் நாட்டுக்குச் செய்யும் காவலின் ஒரு பகுதியே எனக் கொள்வோமாக.