சொல்லுக்கு வந்த விலை

எழுத்தை மட்டுமே நம்பி உண்டு உடுத்து வாழ்ந்தவர் எந்த மொழியிலும் மிகச் சிலரே. ஏனையோர் எழுத்தோடு வேறொரு தொழிலையும் கைக்கொண்டனர். அத்தொழில் எழுத்துக்கு அண்மையில் அமைந்துவிடுமாயின் அதனை ஒரு பேறு எனலாம். இலண்டன் மாநகரில் வாழ்ந்த கவிஞர் வில்லியம் பிளேக் (1757–1827) செப்புத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலாளர். பிறர் நூல்களுக்குப் படம் செதுக்கிப் பெற்ற கூலியே அவர் குடும்பத்தைத் தாங்கியது. அதே தகடு, அதே அமிலம், அதே கை ஆகியவற்றைக் கொண்டு தம் கவிதைகளையும் தாமே பக்கமாக்கி அச்சிட்டார். கூலி வேலை விலைபோயிற்று. கவிதை நூல்களோ அவர் வாழ்நாளில் சில படிகளே விற்றன.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் ஒரு தலைமுறையினர் ஏறத்தாழ இதே நிலையில் நின்றனர். அவர்தம் செப்புத் தகடு கணிப்பொறித் திரை.

இணையத்தை முதலில் கண்டவர்கள் வணிகர்கள் அல்லர். சுவிட்சர்லாந்து நாட்டின் செர்ன் ஆய்வகத்தில் அறிவியலாளர்கள் தம் கட்டுரைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்காக டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு வகுத்த திட்டமே அதற்கு வித்து. 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அவ்வாய்வகம் அம்முறையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அமெரிக்க அரசின் பொறுப்பிலிருந்த முதன்மைக் கணிப்பொறி வலையில் வணிகத்துக்குத் தடை இருந்தது. 1995 ஏப்ரலில் அவ்வலை ஓய்வுபெற்றதோடு தடையும் அகன்றது. அதன்பின் ஒவ்வொரு கடைக்கும் நிறுவனத்துக்கும் ஓர் இணையப் பக்கம் தேவைப்பட்டது. பக்கம் செய்யத் தெரிந்தவரோ மிகக் குறைவு. கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞர் சிலர், பயிற்றுவாரின்றித் தாமே கற்ற கலை அது.

அக்கலையின் நுட்பத்தைச் சற்று நின்று நோக்கலாம். அறிவியல் கட்டுரைக்கென ஆன குறிமொழியில் தலைப்பு உண்டு, பத்தி உண்டு, அழகுக்கு இடமில்லை. எழுத்தை இடப்புறமோ வலப்புறமோ சற்றுத் தள்ளி நிறுத்தவும் வழியில்லை. ஆகவே, எண்களை நிரப்புவதற்கு இருந்த அட்டவணைக் கட்டங்களையே பக்கத்தின் எலும்புக்கூடாக அமைத்து, கோடுகளை மறைத்துவிட்டனர். இடைவெளி வேண்டிய இடங்களில், ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை இட்டு அதனை வேண்டிய அகலத்துக்கு இழுத்தனர். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அச்சகம் சென்று மெய்ப்புத் திருத்தியவர்களுக்கு இது புதிதன்று. வரிகளுக்கிடையே மைபடாத ஈயத்தகட்டைச் செருகி அச்சுக்கோப்பாளர் செய்த வேலையே அது. ஈயத்துக்குப் பதில் ஒரு புள்ளி. டேவிட் சீகல் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழியே இவ்வுத்தி பரவியது. அதே ஆண்டு டிசம்பரில் பக்க அழகுக்கெனத் தனியே ஒரு குறிமொழி விதிக்கப்பட்டும், உலாவிகள் அதனைச் செவ்வனே ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

பகலில் பிறருக்குப் பக்கம் செய்து கூலி பெற்ற இக்கைவினைஞர்கள், இரவில் தமக்கென ஒரு பக்கம் வைத்துக்கொண்டனர். அதில் எழுதினர். ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தொடங்கிய தன்வரலாற்றுப் பக்கங்கள் இவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுகின்றன. அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஹாட்வயர்டு என்னும் இணைய இதழ் தன் பக்கத்தின் தலையில் விளம்பரப் பட்டையைத் தாங்கி வெளிவந்தது. கூலி, எழுத்து, விளம்பரம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே தெருவுக்குக் குடிவந்துவிட்டன. ஆயினும் அவை ஒரு வீட்டுக்குள் புகுந்ததற்கு மேலும் பத்தாண்டு ஆயிற்று.

தொடக்கத்தில் எழுத்துக்கு எவரும் பணம் தந்திலர். எழுத்து தொழிலைத் தேடித் தந்தது, அவ்வளவே. விளம்பர வாசகம் எழுதி வந்த ஜெஃப்ரி செல்ட்மன் 1995ஆம் ஆண்டு பக்கம் செய்யக் கற்று, கற்றதையெல்லாம் பிறருக்கும் எழுதிக்காட்டினார். அவர் நிறுவிய ‘ஏ லிஸ்ட் அபார்ட்’ 1998ஆம் ஆண்டு முதல் இணைய இதழாக வந்தது. அதனைப் படித்தவர்கள் வேலையோடு அவரை நாடினர். 2003இல் நூல் வந்தது. 2005இல் கட்டணக் கருத்தரங்குகள் தொடங்கின. தொழில் இரகசியத்தை மூடி வைத்தவர்களைவிடத் திறந்து காட்டியவர் நன்கு வாழ்ந்தார் என்பது இவ்வரலாற்றின் இனிய பகுதி. இதற்கிடையே 1996ஆம் ஆண்டு முதல் அமேசான் கடை, தன் நூல்களைப் பரிந்துரைத்து விற்றுத் தருவோர்க்குச் சிறு தரகு வழங்கியது. அத்தரகு ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாய் அமைந்தது அரிது.

எழுத்துக்கே விலை வந்தது வேறொரு வழியில். கலிஃபோர்னியா மாநிலத்தில் பில் கிராஸ் என்பார் 1998ஆம் ஆண்டு ‘கோட்டூ’ என்னும் தேடுபொறியைத் திறந்தார். தேடுவோர் தட்டும் சொல் ஒவ்வொன்றையும் அவர் ஏலத்தில் விட்டார். மிகுதியாக ஏலம் கேட்ட வணிகரின் பெயர் முதலில் நிற்கும். எவரேனும் அதனைச் சொடுக்கினால் மட்டுமே பணம். நகைப்புக்கிடமாகத் தோன்றிய இம்முறையைக் கூகிள் நிறுவனம் திருத்தி ஏற்றுக்கொண்டது. 2003 ஜூன் மாதம் ‘ஆட்சென்ஸ்’ என்னும் ஏற்பாட்டின் வாயிலாக அதனைத் தனியாரின் சிறு பக்கங்களுக்கும் விரித்தது. எழுதுபவர் தம் பக்கத்தில் சில வரிக் குறியை ஒட்டிவிட்டால் போதும். பக்கத்திலுள்ள சொற்களை இயந்திரம் படித்து, அவற்றுக்கேற்ற விளம்பரத்தைக் கொணர்ந்து வைக்கும். வருவாயில் ஒரு பங்கு எழுதியவருக்கு. அப்பங்கு நூற்றுக்கு 68 என்பதைக் கூகிள் 2010ஆம் ஆண்டில்தான் வெளியிட்டது. ஏழாண்டுக் காலம் எழுதியோர் தம் கூலியின் அளவை அறியாமலே கூலி பெற்றனர்.

கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவே. சொற்களுக்குள் சாதி பிறந்துவிட்டது. காப்பீடு, கடன், வழக்கறிஞர், கல்நார்த் தூசியால் வரும் ஒரு வகைப் புற்றுநோயின் பெயர் ஆகியவை ஏலத்தில் உச்சத்துக்குச் சென்றன. அந்நோயுற்றோர் சார்பில் இழப்பீட்டு வழக்காட ஆள் தேடிய வழக்கறிஞர்கள் ஏலத்தில் ஒருவரையொருவர் விஞ்சியதே காரணம். நிலவையும் மழையையும் ஏலம் கேட்பாரில்லை. இதை அறிந்த பலர், விலைபோகும் சொற்களைத் தேடிப்பிடித்து அவற்றைச் சுற்றி வாக்கியம் கட்டலாயினர். ஒரு காலத்தில் சொல்லுக்காகப் பக்கம் செய்த கை, இப்போது விலைக்காகச் சொல் செய்தது. பக்கம் செய்யும் கலையும் மலிந்துகொண்டிருந்தது. 1999இல் வந்த ‘பிளாகர்’, 2003இல் வந்த ‘வேர்ட்பிரஸ்’ ஆகிய கருவிகள், கலையறியாதவரையும் ஒரு நாழிகைக்குள் பக்கத்துக்கு உரியவராக்கின. கைவினைஞர் சிலர் ஆயத்த வார்ப்புகளைச் செய்து பலருக்கு விற்றுப் பிழைத்தனர். அது தனிக்கதை.

ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்னும் பெண்மணியின் வாழ்க்கை இக்காலத்தின் இரு முகங்களையும் காட்டுவது. அவரும் பக்க வடிவமைப்பாளரே. தம் அலுவலகத்தைப் பற்றித் தம் பக்கத்தில் நகைச்சுவையாக எழுதியதற்காக 2002ஆம் ஆண்டு வேலையிழந்தார். சோற்றைப் பறித்த அதே பக்கம் பின்னர்ச் சோறிட்டது. 2004இல் விளம்பரங்களை ஏற்றபோது வாசகரிடையே முணுமுணுப்பு எழுந்தது; ஆயினும் விரைவிலேயே கணவரும் தம் வேலையை விட்டு இப்பக்கத்தின் வரவுசெலவைக் கவனிக்கும் அளவுக்கு வருவாய் வளர்ந்தது. தாய்மையின் தளர்ச்சியையும் மனச்சோர்வையும் ஒளிவின்றி எழுதியவர் அவர். ஆனால் ஒரு குடும்பத்தின் அன்றாடமே விலைப்பொருளாகும்போது, எழுதுவதற்காக வாழ வேண்டிய நெருக்கடியும் வந்து சேர்கிறது. 2015ஆம் ஆண்டு அவர் அப்பணியிலிருந்து பெரிதும் விலகிக்கொண்டார். 2023 மே மாதம் மறைந்தார்.

இதற்கு மாறான வழியை நாடியவர் ஜேசன் காட்கி. இயற்பியல் பயின்று பக்க வடிவமைப்பாளரானவர். சிறு புள்ளிகளால் அமைந்த ‘சில்க்ஸ்கிரீன்’ என்னும் எழுத்துருவை 1999இல் செய்து விலையின்றி வழங்கியவர். 1998 மார்ச் முதல் தம் பெயரிலேயே ஓர் ஏடு நடத்திவந்தார். கண்டவற்றுள் நல்லதைச் சுட்டிச் சில வரி எழுதுவதே அவர் பாணி. 2005 பிப்ரவரியில் வடிவமைப்பு வேலையை விட்டுவிட்டு, விளம்பரமின்றி வாசகர் தரும் தொகையைக் கொண்டே ஓராண்டு எழுதப்போவதாக அறிவித்தார். மூன்று வாரங்களில் 1,450 பேர் 39,900 டாலர் அளித்தனர். சிற்றிதழுக்குச் சந்தா திரட்டி அலைந்தவர்களுக்கு இவ்வெண்ணின் அருமை விளங்கும். ஏடு எவருக்கும் அடைக்கப்படவில்லை. தந்தவரும் தராதவரும் ஒன்றையே படித்தனர்.

எனினும் ஓராண்டு முடிந்தபோது அவர் மீண்டும் கேட்கவில்லை. ஒருமுறை கொடுப்பது அன்பு, ஆண்டுதோறும் கொடுப்பது வழக்கம். அவ்வழக்கம் அன்று இணையத்தில் உருவாகியிருக்கவில்லை. ஓர் ஏட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிறிய விளம்பரம் என்னும் நெறியோடு 2006இல் தோன்றிய ‘தி டெக்’ என்னும் கூட்டமைப்பு அவருக்கும் அவரையொத்தாருக்கும் கைகொடுத்தது. ‘ஏ லிஸ்ட் அபார்ட்’ அதன் நிறுவன உறுப்புகளுள் ஒன்று. அதே ஆண்டு ஜான் குரூபர் என்பாரும் வேலையை விட்டுத் தம் ஏட்டை முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு புரவலர் என்பது பின்னர் அவர் கைக்கொண்ட முறை. இவர்கள் சொல்லை ஏலத்தில் விடவில்லை. பக்கத்தின் ஓர் ஓரத்தை வாடகைக்கு விட்டனர் எனலாம். ‘தி டெக்’ 2017இல் மூடப்பட்டது. அதற்குச் சற்று முன், 2016 நவம்பரில், காட்கி மீண்டும் வாசகரிடம் சென்று உறுப்பினர் கட்டணம் கேட்டார். இம்முறை வழக்கம் பிறந்திருந்தது. 2022ஆம் ஆண்டில் அவர் சில மாதங்கள் எழுத்தை நிறுத்தி ஓய்வெடுத்துத் திரும்பவும் முடிந்தது.

இவ்வேலக்கடையில் தமிழுக்கு இடமில்லாதிருந்தது. 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழில் தனியார் இணையப் பக்கங்கள் தளிர்விட்டன. கவிதை, சிறுகதை, ஊர் நினைவு, திரை விமர்சனம், வாதம், வசை ஆகிய அனைத்தும் அவற்றில் குவிந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துக் காட்ட ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகளும் வந்தன. ஆனால் கூகிளின் விளம்பர ஏற்பாடு தமிழை ஏற்றது 2018ஆம் ஆண்டில்தான். இந்திக்கு 2014இலேயே அவ்வாயில் திறந்திருந்தது. அப்பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எழுதியோர்க்கு எச்சொல் எவ்வளவு பெறும் என்று கணக்கிட வேண்டிய தேவை எழவில்லை. அதனால் எழுத்து தூய்மையாயிற்று என்று சொல்லிவிட இயலாது. பக்கம் செய்யும் கலையையும் எழுதும் திறனையும் ஒருங்கே பெற்றிருந்த தமிழ் இளைஞர் பலர், பகலில் ஆங்கிலத்தில் பிறருக்குப் பக்கம் செய்து சம்பளம் பெற்று, இரவில் தமிழில் கைப்பொருள் எதிர்பாராது எழுதினர். வேலையும் குடும்பமும் நெருக்கியபோது முதலில் நின்றது இரவுப் பணியே. 2018இல் கதவு திறந்தபோது, அவர்களுள் பலருடைய பக்கங்களில் கடைசி இடுகையின் தேதி சில ஆண்டுகள் பழமைப்பட்டிருந்தது.