நாணயம் நட்டமா?

"வியாபாரத்திலே நாணயம் பார்த்தால் வயிறு நிரம்புமா?" என்று கேட்போர் உண்டு. கடைத்தெருவில் பழகிய எவரும் இந்தக் கேள்வியைக் கேளாதிருக்க முடியாது. காசுக்கும் நாணயம் என்று பெயரிட்டோம்; நேர்மைக்கும் நாணயம் என்றே பெயரிட்டோம். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துமாறு வழங்கிய இனம், அவ்விரண்டும் பகை என்று எண்ணியிருக்குமா? ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, வத்திராயிருப்புக்கு அருகே, பிளவக்கல் அணைகளின் நீரை நம்பி வாழும் ஊர் கூமாப்பட்டி. நெல்லும் தென்னையும் மாவும் அந்த மண்ணின் செல்வம். 2025ஆம் ஆண்டிலே கைப்பேசிப் படங்களின் வாயிலாக அவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவிற்று. பெயர் பரவியது, மகிழ்ச்சி. ஆனால், அங்கே தேங்காய் பறிப்பவன் தேடுவது புகழையா? நேரான எண்ணிக்கையை, நியாயமான விலையை! களத்து மேட்டிலே நிற்கும் அவனுக்கு, வணிகனின் அறம் சோற்றுப் பிரச்சினை.

வள்ளுவர் இதனை அறிந்திருந்தார். வணிகனுக்குரிய இலக்கணத்தைப் பொருட்பாலிலே பொருள் திரட்டும் வழிகளோடு அவர் சேர்த்துவிடவில்லை. அறத்துப்பாலிலே, நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்றார். அதே அதிகாரத்திலேதான் சான்றோர்க்குத் தராசுக் கோலை உவமை காட்டினார். கடைக்காரன் கையிலிருக்கும் கருவி, நீதிக்கு உவமையாயிற்று!

குறள் நெறி நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோர், கூமாப்பட்டி இருக்கும் அதே சீமையிலுள்ள ஊர்களின் வரலாற்றைக் காணட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாடார் வணிகர்கள் தெற்கேயிருந்து வந்து, விருதுபட்டி என்று அன்று அழைக்கப்பட்ட விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிலே குடியேறினர். வழியிலே கள்வர் பயம். ஊரிலே சாதிக் கொடுமை. கோயில் வாயில் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது.

இந்நிலையிலே அவர்கள் கண்ட வழி யாது? மகமை! வணிகத்தில் வந்ததில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்குத் தந்தாக வேண்டும் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். அந்த நிதி, வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்கும் பேட்டைகளாயிற்று; கிணறுகளாயிற்று; பள்ளிகளாயிற்று. 1889இல் விருதுநகரிலே எழுந்த சத்திரிய வித்தியாசாலை, வணிகர் மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராகிய காமராசர் அங்கே பயின்றவர்தாம்.

கணக்குப் பார்ப்போம். மகமையாகத் தந்த காசு நட்டமா? பேட்டை சரக்கைக் காத்தது. பள்ளி கணக்கெழுதத் தெரிந்த தலைமுறையைத் தந்தது. ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் கொடுக்கும் துணிவு பிறந்தது. 1921இல் தூத்துக்குடியிலே நாடார் வங்கி தோன்றியது. அதுவே 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் பெற்றது. நம்பிக்கையே முதலாயிற்று, அந்த முதலே வட்டியும் ஈட்டிற்று.

ஆயினும், உண்மையின் மறுபக்கத்தை மறைப்பது நமது வழக்கமன்று. மகமை ஒரு சாதியின் எல்லைக்குள் எழுந்த அறம். வேலிக்குள் விளக்கேற்றினால், வேலிக்கு வெளியே இருள்தானே! அந்த இருளை அதே சீமையிலேயே கண்டோம். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலே தீப்பெட்டித் தொழில் பிறந்தது. வறண்ட மண்ணுக்கு வாழ்வு தந்தது. ஆனால், பிற்காலத்திலே சுற்றுப்புறச் சிற்றூர்களின் பிஞ்சுக் கரங்கள் குச்சி அடுக்கின. பொழுது புலருமுன் பேருந்திலே ஏற்றிச் செல்லப்பட்டனர் சிறுவரும் சிறுமியரும். "மலிவான கூலி, மலிவான சரக்கு" என்றனர். மலிவா அது? குழந்தையின் குறைந்த கூலி, தந்தையின் கூலியையும் கீழே இழுத்தது. தந்தையின் கூலி குறைந்ததால் பிள்ளை மீண்டும் வேலைக்குப் போயிற்று. படிப்பிழந்த தலைமுறையின் நட்டத்தை எந்தப் பேரேட்டிலே எழுதினர்?

1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். மறைத்து வைத்த கடன், இறுதியிலே கணக்கில் ஏறிற்று!

இவ்விரண்டு வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. தனியொருவன் மட்டும் நேர்மையாய் இருந்தால், அவன் சரக்கு விலை ஏறலாம். பக்கத்துக் கடைக்காரன் அவனை முந்தலாம். பெரியவர்களை மட்டுமே வேலைக்கு வைத்த உற்பத்தியாளன், பிள்ளைகளை வாட்டிய போட்டியாளனிடம் தோற்றிருக்கலாம். இதை மறுப்பது பொய்யாகும். எல்லோரையும் கட்டும் விதியாக அறம் அமைந்துவிட்டாலோ, நேர்மையாளன் தோற்பதில்லை. மகமை அப்படியொரு விதி, ஊரே வகுத்துக்கொண்டது. குழந்தைத் தொழிலாளர் தடை அப்படியொரு விதி; நாடு வகுத்தது.

1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையிலே கலைஞர் தொடங்கிய உழவர் சந்தையும் அவ்வழிப்பட்டதே. உழவனுக்குக் கடை இடம்; கையிலே தராசு; எழுதி வைத்த விலை. தரகனின் பிடியிலிருந்து தராசு உழவன் கைக்கு மாறியது. விற்றவனுக்குக் கூடுதல்; வாங்கியவனுக்கும் மிச்சம். நேர்மை இருவர் மடியிலும் காசாக விழுந்தது.

ஆகவே, கூமாப்பட்டித் தென்னந்தோப்பிலே தேங்காய் எண்ணும்போது, நூற்றுக்கு எத்தனை கழிவு என்று கேட்கும் உழவன், வெறும் பேரம் பேசுகிறான் என்று எண்ணாதீர்கள். இந்நாட்டின் பொருளாதாரம் எதன் மேல் நிற்க வேண்டும் என்று கேட்கிறான் அவன். அவனை ஏய்ப்பவனுக்கு இன்று இலாபம். நாளை அவன் களத்துக்கு யார் வருவார்? சாதி வேலி தாண்டிய மகமையாக, உழவனும் தொழிலாளியும் வணிகனும் சேர்ந்து வகுக்கும் விதியாக அறம் வளரட்டும். அப்போது நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இராது; ஒரே பொருள்தான்!