அதிர்ஷ்டம் அடித்த தேதிகள்

சென்ற வாரம் என்ரான் நிறுவனம் கவிழ்ந்த கதையைப் பார்த்தோம். அந்தப் பதற்றத்தில் 2002 ஜூலையில் அமெரிக்காவில் பிறந்ததுதான் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம். அதில் ஒரு சின்ன விதி: உயரதிகாரிக்கு ஸ்டாக் ஆப்ஷன் கொடுத்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் தாமதிக்கலாம். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஸ்டாக் ஆப்ஷன் என்பது ஓர் உரிமை. இன்று பங்கு 20 டாலர் என்றால், பல ஆண்டுகள் கழித்தும் அதே 20 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி எழுதித் தருகிறது. விலை 50 ஆனால் 30 டாலர் லாபம். 10க்கு விழுந்தால் வாங்காமல் விட்டுவிடலாம், கைக்காசு போகாது. முதலாளிகளின் லாபமும் மேலாளரின் லாபமும் ஒன்றாகட்டும் என்று நியாயம் சொன்னார்கள். நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை மட்டும் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

1993இல் அமெரிக்க காங்கிரஸ், தலைமை அதிகாரிகளின் சம்பளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வரிக்கழிவு கிடையாது என்றது. ‘செயல்திறனுக்கான ஊதியம்’ மட்டும் விதிவிலக்கு. கொடுத்த நாளின் சந்தை விலைக்கே எழுதப்பட்ட ஆப்ஷன் அந்த விலக்கில் அடங்கியது. அன்றைய கணக்கியல் விதிப்படி அதைச் செலவாகக் காட்டவும் வேண்டாம். சம்பளத்துக்குக் கடிவாளம் போடப்போய் ஆப்ஷனுக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள். தொண்ணூறுகளில் அது வெள்ளமாகப் பாய்ந்தது.

ஐயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் லீ 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான ஆப்ஷன்களின் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் விசித்திரமான ஒற்றுமை தெரிந்தது: அந்தத் தேதிக்கு முன் பங்கு விலை சரிகிறது, மறுநாளிலிருந்து ஏறுகிறது. சந்தை முழுவதும் எப்போது திரும்பும் என்பதைக்கூட இந்த அதிகாரிகள் முன்கூட்டியே அறிந்தது போல! அப்படி ஒரு ஞானம் யாருக்கும் இல்லை. விலை ஏறிய பிறகு, பழைய காலண்டரைப் புரட்டி, விலை குறைந்திருந்த நாளைப் பொறுக்கி, அன்றே கொடுத்ததாக எழுதிவிட்டார்கள். புதிய இரண்டு நாள் விதி வந்ததும் அந்த அதிர்ஷ்டம் பெருமளவு காணாமல் போயிற்று. இதைவிட வேறு சாட்சி எதற்கு?

2006 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பெயர்களோடு எழுதியது. அஃபிலியேட்டட் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஜெஃப்ரி ரிச்சுக்கு வாய்த்த தேதிகள் தற்செயலாக அமைய வாய்ப்பு 30,000 கோடியில் ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் விசாரணைக்குள் வந்தன. ஆப்பிளில் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 75 லட்சம் ஆப்ஷன்கள் தர ஒப்புதல் அளித்ததாகப் பதிவான 2001 அக்டோபர் இயக்குநர் கூட்டம் நடக்கவே இல்லை. ஜாப்ஸ் மீது அரசு வழக்குத் தொடரவில்லை.

தண்டனைக் கணக்குதான் என்னை உறுத்துவது. பிரோகேட் நிறுவனத் தலைவர் கிரெகரி ரெயெஸ் மீதான வழக்கு, அவர் ஊழியர்களுக்கு வழங்கிய ஆப்ஷன்கள் பற்றியது. 2007இல் குற்றவாளி என்றார்கள்; மேல்முறையீட்டில் அது ரத்தானது; மறுவிசாரணையில் மீண்டும் குற்றவாளி. 2010இல் 18 மாதச் சிறை, 1.5 கோடி டாலர் அபராதம். யுனைடெட் ஹெல்த் நிறுவனத் தலைவராக இருந்த வில்லியம் மெக்குவைர் ஆப்ஷன்களைத் தன் பெயரிலேயே பெற்றவர். அவர் மீது குற்றவியல் வழக்கே இல்லை. 2007 டிசம்பரில் 46.8 கோடி டாலர் சமரசம். குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சார்பேன்ஸ்-ஆக்ஸ்லியின் 304ஆம் பிரிவின் கீழ் ஒரு தனிமனிதரிடமிருந்து ஊதியத்தைத் திரும்பப் பிடுங்கியது அதுவே முதல்முறை. சட்டம் வந்து ஐந்து ஆண்டுகள் அந்தப் பிரிவு ஏட்டில் தூங்கியது. அதைக் கையில் எடுக்கும் உரிமை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு மட்டுமே. ஏமாந்த பங்குதாரருக்கு இல்லை.

காம்வெர்ஸ் நிறுவனத் தலைவர் கோபி அலெக்சாண்டர் இவ்வளவு தூரம் காத்திருக்கவில்லை. 2006இல் அமெரிக்காவுக்குத் திரும்பாமல் நமீபியாவுக்குப் போய்விட்டார். அவர் நியூயார்க் நீதிமன்றத்தில் நிற்கப் பத்து ஆண்டுகள் ஆயின. அது அடுத்த வாரம்.

(தொடரும்)