கடன் கொப்பியிலிருந்து முகிற் கணிமை வரை: கல்முனைக் கரையோர வணிகமும் கணக்குக் காப்பும்

வணிகத்தின் வரலாற்றைப் பண்டங்களின் வரலாறாக நோக்குவதே வழக்கம். எவர் எதனை விற்றார், எங்கே கொண்டு சென்றார் என ஆராயும் நாம், அவர் தம் கணக்கை எங்கே வைத்திருந்தார் எனக் கேட்பதில்லை. கையிருப்புச் சிறிதாயும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் கடனாயும் உள்ள சிறு வணிகருக்கோ கணக்கே முதல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய கரையோர ஊர்களில் அக்கணக்கின் காப்பு எவ்வாறு மாறி வந்தது என்பதையும், முகிற் கணிமை அதற்குத் தந்துள்ள நன்மையையும் இடரையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போகம் முடிந்ததும் கடன் தீர்க்கும் விவசாயி, கடலை நம்பிக் கடன்படும் மீனவர், நூலைக் கடனாகப் பெற்றுத் துணி நெய்யும் மருதமுனை நெசவாளர் என யாவரையும் கடையோடு பிணைத்தது கடன் கொப்பி. அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282ஆம் வசனம் தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் அதற்கு இரு சாட்சிகளை வைக்கவும் பணிக்கின்றது. எழுத்தொன்றே போதாது, எழுதியவர் கைக்கு அப்பாலும் ஓர் ஆதாரம் வேண்டும் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளமை அவதானிக்கத்தக்கது. எனினும், நடைமுறையில் கொப்பி ஒன்றாகவே இருந்தது. அதுவும் கடைக்குள்ளேயே இருந்தது.

இவ்வொற்றைக் காப்பின் பலவீனத்தை 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் காட்டிற்று. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்புக்குள்ளான மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர். உயிரிழப்பின் முன் கணக்கிழப்பு அற்பமே. ஆயினும், கடையும் கொப்பியும் ஒரே அலையில் அழியுமிடத்து, எஞ்சியவரிடம் வரவேண்டிய பணத்துக்கு ஞாபகமன்றி வேறு ஆதாரமில்லை. கணக்கு, கடையிருக்கும் இடத்திலேயே இருத்தலாகாது என்பதே அதன் பாடம்.

இப்பாடத்துக்கு விடை போலத் தோன்றியதே முகிற் கணிமை. 2006இல் அமேசான் நிறுவனம் தன் சேமிப்பிடத்தையும் கணினி வலுவையும் வாடகைக்கு விடத் தொடங்கியதோடு இம்முறை பரவலாயிற்று. பெயர் முகிலாயினும் அது வானத்தில் இல்லை. தொலைவிலுள்ள பிறரொருவரின் கணினியே அது. கடை அலையில் போனாலும் கணக்கு எஞ்சும். ஆனால், காப்பு இப்போது பிறர் கைக்குச் சென்றுவிட்டது.

அதன் விளைவை மூன்று நிகழ்ச்சிகள் விளக்கும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தின் முகிற் கணக்கினுள் புகுந்தவர்கள் கப்பம் கேட்டு, பின் தரவுகளையும் அவற்றின் பிரதிகளையும் அழித்தனர். மூலமும் பிரதியும் ஒரே திறப்புக்குள் இருந்தமையால் அந்நிறுவனம் மூடப்பட்டது. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் தீக்கிரையானபோது, பிரதியும் அவ்வளாகத்திலேயே இருந்தவர்கள் யாவற்றையும் இழந்தனர். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க முகில் கப்பத் தாக்குதலுக்குள்ளாகியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. பழைய மென்பொருள் புதுப்பிக்கப்படாதிருந்தது; இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதியும் அக்காலத்துக்கு இருக்கவில்லை. அரசுக்கே இந்நிலையெனின், கல்முனைக் கடைக்காரர் எம்மாத்திரம்?

அவ்வாறாயின், கொப்பிக்கே மீள்வதா எனச் சிலர் வினவலாம். அதற்குக் கடலே விடை கூறிவிட்டது. வேண்டுவது முகிலை விலக்குதல் அன்று. இரண்டாம் சாட்சியை மீட்டல். வாரந்தோறும் கணக்கைத் தனியொரு வன்தட்டில் பிரதிசெய்து, இணைப்பைத் துண்டித்து, கரைக்கு அப்பால் உறவினர் வீட்டில் வைக்கலாம். கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசிக் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்தலாம். ஊழியர் யாவரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிராது, விலகியவரின் அனுமதியை அன்றே நீக்கலாம். பிரதியை இடையிடையே திறந்து பார்த்தலும் வேண்டும். திறக்காத பிரதி பிரதியன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிலவியதை நினைப்போர், அன்றாட நிலுவைகளைத் தாளில் எழுதி வைப்பதையும் பழமையென இகழார்.

தொகுத்து நோக்குமிடத்து, இது தொழில்நுட்பத்தோடு முடியும் வினாவன்று. கடன் கொப்பியில் கடைக்காரரின் முதல் மட்டுமல்ல, ஊராரின் வறுமையும் எழுதப்பட்டுள்ளது. எவர் எவ்வளவு கடன்பட்டார் என்பது அவரது மானத்தோடு தொடர்புடையது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைப் பிறரிடம் ஒப்படைப்பவர் தக்க காப்புடையவரையே தெரிதல் வேண்டும் என்கிறது. எம்மூரார் இதற்கு முன்பே ஒரு சொல் வைத்துள்ளனர்: அமானிதம். அமானிதத்தை இன்னொருவரிடம் வைக்கலாம். பொறுப்பை அவரிடம் வைத்துவிட்டு வர இயலாது.