நாகையின் வெண்கலப் புத்தர்களும் நாமும்

திண்டுக்கல் புனித வளனார் ஆலயம் 1866-க்கும் 1872-க்கும் இடையே எழுந்தது. அதை நிமிர்ந்து நோக்கும்போதெல்லாம் நம் முன்னோரின் விசுவாசத்தை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் அதே ஆண்டுகளில், அதே மதுரை மறைமாநிலத்தைச் சேர்ந்த நாகப்பட்டினத்தில் ஒரு கோபுரம் வீழ்ந்ததை நாம் நினைப்பதில்லை.

இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு அரசர் நாகையில் சூடாமணி விகாரத்தை எழுப்பினார். சைவரான சோழ மன்னரோ அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை வழங்கினார்; செப்பேடு இதற்குச் சான்று. நாகைப் பௌத்தத்தின் எச்சமாக நின்ற மூன்று நிலைச் செங்கற்கோபுரத்தை வால்டர் எலியட் 1846-இல் நேரில் கண்டு எழுதிவைத்தார். அருகே 1844 முதல் கல்லூரி நடத்திவந்த இயேசு சபையார் அதை இடிக்க அனுமதி கோரினர். முதலில் மறுத்த அரசு 1867-இல் இசைந்தது. கோபுரம் மறைந்தது, கல்லூரியும் 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது.

அப்பகுதி மண்ணிலிருந்து 1856 முதல் 1930-கள் வரை ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. மெழுகில் வடித்து, களிமண் பூசி, உலோகம் வார்த்த நம் சிற்பிகளின் கைவண்ணம் அவை. சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்துகளும் உண்டு. சென்னை அருங்காட்சியகம் அவற்றைச் சேகரித்தது. டி. என். இராமச்சந்திரன் 1954-இல் அவற்றை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். சில படிமங்கள் கடல்கடந்த காட்சிக்கூடங்களையும் அடைந்தன.

சேகரித்தவர்களை நாம் பழிக்க இயலாது. பேணப்பட்டவை பிழைத்தன, பேணுவாரற்ற கோபுரம் அழிந்தது. எனினும், விளக்கேற்றி வணங்கியோரின் கண்ணீரும் நன்றியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வருவதில்லை.

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அந்த ஒளி கிட்டாத காலத்தில் வாழ்ந்தோரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. அவர்கள் செய்ததை மறைப்பதும் நம் வேலையன்று.

நம் பங்குகளின் சாமான் அறைகளில் கை ஒடிந்த மரச் சொரூபங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. புதிய சொரூபம் வந்ததும் பழையதை விலைபேச ஒருவர் வாசலில் நிற்பார். அவரிடம் கொடுக்குமுன் நாகையை நினைப்போம். அதன்முன் முழந்தாளிட்ட நம் பாட்டிமாரையும் நினைப்போம். நமக்குரியதைப் பேணக் கற்றவரே பிறருக்குரியதையும் மதிப்பர்.