"பதிவு இல்லை" என்று கணினி சொன்னால் என்ன அர்த்தம்?

பிறப்புச் சான்றிதழின் பிரதி, இழப்பீட்டுக் கோப்பின் நிலை, காணாமலாக்கப்பட்ட உறவினர் குறித்துக் கொடுத்த முறைப்பாடு என ஏதோ ஒன்றுக்காக எமது மக்கள் அலுவலகங்களுக்கு அலைகிறார்கள். அலுவலர் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு "பதிவு இல்லை" என்கிறார். பலர் அத்துடன் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அந்த மேசையில் இருக்கும் கணினிக்குள் பதிவுகள் இருப்பதில்லை. அவை வேறொரு இடத்திலுள்ள தரவுத்தளச் சேவையகத்தில் இருக்கின்றன. கேள்வி அங்கே போய்ப் பதிலாகத் திரும்புவதற்குள் பல படிகளைத் தாண்டுகிறது. எந்தப் படியில் தடை ஏற்பட்டாலும் மேசையில் இருப்பவருக்கு அது "இல்லை" என்றே தெரியக்கூடும்.

முதற்படி: இணைப்பு

2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆர் முறையை நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கிய காலம் அது. நிரப்பு நிலையத்தில் குறியீட்டை ஸ்கேன் செய்யும் கைபேசி கேள்வி கேட்கும் பக்கம். மீதி ஒதுக்கீட்டை வைத்திருக்கும் சேவையகம் பதில் சொல்லும் பக்கம்.

ஒரு சேவையகம் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளுக்கு எல்லை உண்டு. பரவலாகப் பயன்படும் மைஎஸ்கியூஎல் மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால், அந்த எல்லை 151. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 100. ஒவ்வொரு இணைப்பும் நினைவகத்தில் இடம் பிடிப்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. இதனால் பெரிய அமைப்புகளில் இடையே ஒரு மென்பொருள் நின்று, சில இணைப்புகளைத் திறந்தே வைத்துக்கொண்டு, வரும் கேள்விகளை அவற்றினூடாக மாறி மாறி அனுப்பும். எல்லை நிரம்பிவிட்டால் புதிதாக வருபவர் காத்திருக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்பப்படுவார். "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று நாம் கேள்விப்படும் பதிலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே வாகனத்தின் குறியீட்டை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே நொடியில் ஸ்கேன் செய்தால் என்ன நடக்கும்? ஒழுங்காக அமைக்கப்பட்ட தரவுத்தளம் முதலில் வந்த கேள்விக்காக அந்த வாகனத்தின் பதிவைப் பூட்டும். லீற்றரைக் கழித்துப் பதிந்த பின்னரே மற்றவருக்குத் திறக்கும். இல்லாவிட்டால் ஒரே ஒதுக்கீடு இரண்டு தடவை போய்விடும்.

இரண்டாம் படி: நீ யார், எதைப் பார்க்கலாம்?

இணைந்ததும் சேவையகம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. அடுத்து, அந்தப் பயனர் எந்தப் பட்டியலைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று சரிபார்க்கிறது. வரிக்கு வரி அனுமதி கொடுக்கும் வசதியும் உண்டு. ஒரு மாவட்ட அலுவலருக்குத் தன் மாவட்டப் பதிவுகள் மட்டுமே தெரியும்படி அமைக்கலாம். அப்படி அமைத்தால், வேறு மாவட்டத்துப் பெயரைத் தேடும்போது "அனுமதி இல்லை" என்று வராது. வெற்றுப் பக்கம்தான் வரும். பதிவு இருக்கும், அவருக்குத்தான் தெரியாது.

அனுமதி என்பது எமக்குப் புதிய விடயமல்ல. போர்க்காலத்தில் கொழும்புத் தமிழர்கள் வீட்டில் தங்குவோரின் விபரங்களைப் பொலிஸில் பதிந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எமது விபரங்கள் ஓரிடத்தில் திரளும்போது அவற்றை யார் கேட்கலாம், யார் கேட்டார்கள் என்பது குறித்து வைக்கப்படுகிறதா என்ற கேள்விகள் முக்கியமாவது இதனால்தான். யார், எப்போது, எதைத் தேடினார் என்பதைத் தரவுத்தளத்தில் பதிய முடியும். அதைச் செய்வதா இல்லையா என்பது நிர்வாகத்தின் முடிவு.

மூன்றாம் படி: தேடல்

கேள்வியைப் பெற்ற சேவையகம் முதலில் அது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். பின்னர் குறுகிய வழியைத் தெரிவுசெய்யும். புத்தகத்தின் பின்பக்கச் சுட்டி போன்ற ஒன்று இருந்தால் அதனூடாகப் போகும். இல்லாவிட்டால் எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கும்.

எமது பெயர்கள் அதிகம் தொலைவது இங்கேதான். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். சந்திரன் என்ற பெயரை ஆங்கிலத்தில் "சி-எச்" என்றும் தொடங்கலாம், "எஸ்" என்றும் தொடங்கலாம். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை பல தரவுத்தளங்களில் உண்டு. ஆனால், அது ஆங்கிலப் பெயர்களுக்காக 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், அதுவும் இந்த இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே எடுக்கும். தந்தை பெயரை முன்னால் எழுதும் எமது வழக்கம் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தில் குழம்பிவிடுகிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோட் தமிழில் தேடினால் அவை அகப்படா. அடையாள அட்டை இலக்கமும் 2016 முதல் 12 இலக்கங்களுக்கு மாறியது. பழைய இலக்கத்தில் இருக்கும் பதிவைப் புதிய இலக்கம் தானாகக் கண்டுபிடிக்காது.

இவற்றைச் சமாளிக்க முடியாதென்றில்லை. 2004 சுனாமியின் பின்னர் இலங்கை மென்பொருளாளர்கள் மைஎஸ்கியூஎல்லில் இயங்கும் "சஹானா" என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனோரைத் தேடும் பகுதியும் அதில் இருந்தது. பின்னர் பாகிஸ்தான், ஹெய்ட்டி நிலநடுக்கங்களின்போதும் அது பயன்பட்டது. திறமை இங்கேயே இருக்கிறது.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

• பெயரை வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களிலும், தந்தை பெயரை முன்பின் மாற்றியும் தேடச் சொல்லுங்கள்.
• பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்கள் இரண்டையும் கொடுங்கள்.
• முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் அதை வைத்துத் தேடச் சொல்லுங்கள். பெயரைவிட அது நம்பகமானது.
• எல்லா மாவட்டப் பதிவுகளும் இந்தக் கணினியில் தெரியுமா என்று கேளுங்கள்.
• அப்படியும் "இல்லை" என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தனது முடிவை அறிவிக்க வேண்டும்.

தரவுத்தளம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். "பதிவு இல்லை" என்பது அந்த எழுத்துக்கூட்டலுக்கும் அந்த அலுவலரின் அனுமதிக்கும் கிடைத்த பதில். அந்த மனிதரைப் பற்றிய இறுதிப் பதில் அல்ல.